முழங்கால் சரித்திரம்

1895-ஆம் வருஷம் இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி வந்து சேர்ந்தார். வயது 41. சுரங்கத்தில் மண் சரிந்து விழுந்ததில் முழங்காலில் அடிபட்டு மாதக்கணக்காகி இருந்தது. கால் இருந்தது, ஆனால் அதை நம்பி நிற்க முடியவில்லை. மேயோ ராப்ஸன் என்ற ரண சிகிச்சை நிபுணர் அந்த முழங்காலைத் திறந்து பார்த்தார். உள்ளே குறுக்கே ஓட வேண்டிய இரண்டு ஜவ்வுகளும் மேல்முனையில் அறுந்து கிடந்தன. ஆட்டுக்குடலில் திரித்த தையல் நூலை எடுத்து இரண்டையும் அந்தந்த இடத்தில் வைத்துத் தைத்தார். ஆறு வருஷம் கழித்துப் பார்த்தபோது அந்த மனிதர் நொண்டாமல் நடந்தார்; ஓடினார்; உழைத்துச் சம்பாதித்துக்கொண்டிருந்தார். 1903-இல் ராப்ஸன் இந்தச் செய்தியை வெளியிட்டார்.

ரண சிகிச்சையின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் முழங்கால் ஜவ்வின் கதையைப் பெரும்பாலும் இந்த இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். தையல் போட்டவரின் பெயர் நிலைத்துவிட்டது. நியாயந்தான். ஆனால் தையல் ஒரு மணி நேரத்துக் காரியம். அதற்குப் பிறகு வரும் மாதங்கள் இருக்கின்றனவே, அவற்றைக் கடந்து வர வேண்டியவர் நோயாளி. படுத்துக் கிடப்பதா, எழுந்து நடப்பதா, எப்போது, எவ்வளவு தூரம்? இந்தக் கேள்விக்கு விடை காண வைத்தியர்களுக்கு இன்னும் நூறு வருஷம் பிடித்தது. அந்த விடையிலும் பாதியை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது நோயாளிகளே என்பதுதான் இந்தச் சரித்திரத்தில் எனக்குப் பிடித்த பகுதி.

முதலில் இந்த ஜவ்வு என்பது என்ன என்று பார்த்துவிடலாம். டாக்டர்கள் லிகமெண்ட் என்பார்கள். பாட புத்தகத்தில் பிணையம் என்று போட்டிருக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்டால், "ஜவ்வு கிழிஞ்சிடுச்சு" என்றுதான் சொல்லுவார். முழங்காலுக்குள் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பையும் நம் ஜனங்கள் ஜவ்வு என்றே சொல்லுவதுண்டு. நான் இங்கே பேசுவது அதைப் பற்றி அல்ல. எலும்போடு எலும்பைக் கட்டி நிறுத்துகிற கயிற்றைப் பற்றி. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் இடையில், பெருக்கல் குறி போல ஒன்றையொன்று குறுக்கிடும் இரண்டு கயிறுகள் இருக்கின்றன. அவற்றில் முன்பக்கத்துக் கயிறுதான் விளையாடுகிறவர்களுக்கு அடிக்கடி அறுவது. நீளம் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேல். கனம் ஏறக்குறையச் சுண்டுவிரல் அளவு. வாலிப வயதில் அது சுமார் 220 கிலோ பாரத்தைத் தாங்கித்தான் அறும் என்று 1991-இல் இழுத்துப் பார்த்து அளந்திருக்கிறார்கள். அறுபதைத் தாண்டியவர்களின் ஜவ்வு அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தாங்கவில்லை.

இவ்வளவு பலமான கயிற்றை அறுப்பதற்கு எதிராளி யாரும் வந்து மோத வேண்டியதில்லை. ஓடி வந்து பாதத்தை அழுத்தி ஊன்றி, உடம்பைச் சட்டென்று வேறு பக்கம் திருப்பினால் போதும். பாதம் தரையோடு நிற்கிறது, உடம்பு போய்விடுகிறது, நடுவில் அகப்பட்ட முழங்கால் வழக்கைத் தீர்த்துக்கொள்கிறது. உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். சிறிது நேரத்தில் முழங்கால் பூசணிக்காயாக வீங்கும்.

இந்தச் சத்தத்தையும் வீக்கத்தையும் 1845-லேயே ஒருவர் எழுதி வைத்துவிட்டார். பிரான்ஸில் லியோன் நகரத்து அமெதே போனே என்பவர், எலும்பு முறியாமல் முழங்காலில் சத்தம் கேட்டு, உள்ளே ரத்தம் கட்டி, கால் உதவாமல் போனால் அறுந்தது ஜவ்வுதான் என்றார். எக்ஸ்-ரே கண்டுபிடிப்பதற்கு ஐம்பது வருஷம் முன்னால்! மூட்டைப் பலநாள் அசையாமல் வைத்திருந்தால் அது கெட்டுப்போகும் என்றும் அவர் எச்சரித்தார். இந்தப் பகுதியைத்தான் பின்னால் வந்தவர்கள் வசதியாக மறந்தார்கள்.

மறந்ததற்குக் காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்து வைத்தியர்களிடையே ஓய்வு என்பது ஒரு மதமாகவே ஆகிவிட்டது. ஜான் ஹில்டன் என்பவர் ஓய்வின் மகிமையைப் பற்றிப் பிரசங்கங்கள் செய்து 1863-இல் புத்தகமாகப் போட்டார். லிவர்ப்பூலில் ஹ்யூ ஓவன் தாமஸ் என்பவர் இன்னும் ஒரு படி மேலே போனார். நோயுற்ற மூட்டுக்குக் கட்டாயமான, இடைவிடாத, நீண்ட ஓய்வு வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்காகவே அவர் செய்த இரும்புச் சட்டம் அவர் பெயரால் உலகமெங்கும் பரவியது. முதல் உலக யுத்தத்தில் தொடை முறிந்த எத்தனையோ சிப்பாய்களைக் காப்பாற்றியது. தாமஸின் பரம்பரை, வேல்ஸ் தேசத்து ஆங்கிள்ஸி தீவில் எலும்பு கட்டுகிற நாட்டு வைத்தியர் பரம்பரை. நம் ஊர்ப் பெயர்ப்பலகைகளில் 'புத்தூர் கட்டு' என்று பார்க்கிறோமே, அந்த மாதிரி. தகப்பனார் நாட்டு வைத்தியர். பிள்ளை பட்டம் வாங்கிய டாக்டர்.

பாரிஸில் லூகா ஷம்பியோனியேர் என்பவர் நேர் எதிர்க் கட்சி. முறிந்த எலும்பையே பிடித்துவிட வேண்டும், அசைக்க வேண்டும் என்று வாதாடினார். சபையில் ஓய்வுக் கட்சிதான் ஜயித்தது. அசையாமல் வைப்பது சுலபம். மேற்பார்வைக்கு ஆள் வேண்டாம். மாவுக்கட்டைப் போட்டு அனுப்பிவிட்டால் அடுத்த நோயாளியைப் பார்க்கலாம். கட்சிகள் ஜயிப்பதற்கு இதைவிடச் சாதாரணமான காரணங்கள்கூட உண்டு.

இதற்கிடையில் தையல் கலை வளர்ந்தது. அறுந்த ஜவ்வை அப்படியே தைத்தால் பெரும்பாலும் நிற்பதில்லை என்று தெரிந்தது. 1917-இல் பிரிஸ்டல் நகரத்து ஹே குரோவ்ஸ், தொடையின் வெளிப்புறத்திலிருந்து ஒரு பட்டைச் சதையுறையை எடுத்து, எலும்புகளில் துளை போட்டு, அதன் வழியாக அதைக் கோத்துப் புது ஜவ்வாக ஆக்கினார். இன்று நம் ஊரில் செய்யும் சிகிச்சையும் அடிப்படையில் அதுவேதான். பட்டையை எடுக்கும் இடம் மாறியிருக்கிறது: முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள நாணை எடுப்பது ஒரு முறை, பின்தொடையின் நாணை எடுப்பது இன்னொரு முறை. டோக்கியோவில் கென்ஜி டகாகி 1918-இல் மூத்திரப்பையைப் பார்க்கும் குழாயைப் பிணத்தின் முழங்காலுக்குள் விட்டுப் பார்த்தார். அவருடைய சீடர் மசாகி வதனாபே அதைச் செம்மைப்படுத்தினார். 1980-இல் இங்கிலாந்தில் டேவிட் டாண்டி, அந்தக் குழாய்வழியே பார்த்துக்கொண்டே புது ஜவ்வு வைத்தார். முழங்காலை அகலத் திறக்கும் காலம் போய், சிறு துளைகளின் காலம் வந்தது. இதையெல்லாம் வேகமாகச் சொல்லிக்கொண்டு போகிறேன்; ஏனென்றால் துளை சிறிதானாலும் பெரிதானாலும் தொடைச் சதை கரைவது நிற்கவில்லை.

முழங்காலில் அடிபட்டவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். பத்தே நாளில் முன்தொடைச் சதை வாடிவிடுகிறது. கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தொடைகளையும் பார்த்தால், ஒன்று நம்முடையது, மற்றது யாரோ சீக்காளியிடம் இரவல் வாங்கியது என்று தோன்றும். கயிறு என்னதான் உறுதியாக இருந்தாலும், இழுத்துப் பிடிக்கச் சதை இல்லாவிட்டால் முழங்கால் நிற்காது.

இந்த ரகசியத்தை ஆஸ்பத்திரிக்குள் கொண்டு வந்தவரின் கதை சுவாரஸ்யமானது. அமெரிக்காவில் அலபாமா மாகாணத்துப் பையன் ஒருவன், தாமஸ் டெலார்ம் என்று பெயர், ருமாட்டிக் ஜுரம் வந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தான். இதயம் பலவீனம், இனிமேல் சிரமப்படக்கூடாது என்றார்கள். பையன் எழுந்ததும் பளு தூக்க ஆரம்பித்தான்! நம் கிராமத்து வாலிபர்கள் இளவட்டக் கல்லைத் தூக்கியது போல, யாரிடமும் சம்பளம் வாங்காமல், தனக்காகத் தூக்கினான். பிறகு டாக்டருக்குப் படித்தான். இரண்டாம் உலக யுத்தத்தின்போது சிகாகோவில் கார்டினர் ராணுவ ஆஸ்பத்திரியில் டாக்டர் டெலார்ம் வேலைக்குச் சேர்ந்தபோது, அங்கே முழங்கால் கெட்ட சிப்பாய்கள் ஏராளமாகப் படுத்துக் கிடந்தார்கள். அவர்களுக்கு அப்போது கொடுத்து வந்த பயிற்சி, லேசான எடையைப் பல நூறு தடவை ஆட்டுவது. மாதங்கள் ஓடின, தொடை தேறவில்லை, கட்டிலும் காலியாகவில்லை.

டெலார்ம், தாம் தேறிய விதத்தை அவர்களுக்குச் செய்து பார்த்தார். காலில் இரும்புப் பாதுகை ஒன்றை மாட்டி, அதில் எடையைத் தொங்கவிட்டு, மேஜை ஓரத்தில் உட்காரவைத்து நீட்டச் சொன்னார். பத்துத் தடவை தூக்க முடிகிற, பதினோராவது தடவை தூக்க முடியாத எடை எதுவோ, அதுதான் அளவு. அடுத்த வாரம் கூட்டுவது. 1945-இல் அவர் இதை எழுதியபோது, நொந்த மூட்டின் மேல் பாரம் வைப்பதா என்று கேட்கும் காலம். 1948-இல், உடன் வேலை பார்த்த ஆர்தர் வாட்கின்ஸுடன் சேர்ந்து கணக்கைச் சுருக்கினார். அந்த எடையில் பாதியைப் பத்துத் தடவை, முக்காலைப் பத்துத் தடவை, முழுதைப் பத்துத் தடவை, தீர்ந்தது. இன்று உலகத்தில் எந்த உடற்பயிற்சிக் கூடத்தில் நுழைந்தாலும், "பத்துப் பத்தா மூணு செட்டு" என்று சொல்கிறார்களே, அது பெரும்பாலும் அந்தச் சிப்பாய்களின் முழங்காலிலிருந்து வந்தது.

இருந்தும், ஜவ்வு அறுவை செய்துகொண்டவர்களை 1980-கள் வரையில்கூட மாவுக்கட்டிலும் ஊன்றுகோலிலும் வாரக்கணக்கில் வைத்திருந்தார்கள். புது ஜவ்வு இழுபட்டுப் போய்விடுமோ என்ற பயம். பயம் முட்டாள்தனமானது அல்ல. துளையில் கோத்த நாண் முதலில் உயிர்ச்சத்தை இழந்து, பிறகு புது ரத்தக் குழாய்களும் உயிரணுக்களும் குடியேறி, மெதுவாக ஜவ்வாக மாறுகிறது. நடுவில் சில வாரங்கள் அது வைத்தபோது இருந்ததைவிடப் பலவீனமாக இருக்கும். ஆனால் அசையாமல் வைப்பதற்கும் விலை உண்டு. பிராங்க் நாயஸ் என்ற அமெரிக்க டாக்டரும் அவருடைய குழுவினரும் 1974-இல் குரங்குகளின் காலை 8 வாரம் கட்டிவைத்துப் பார்த்தார்கள். நல்ல ஜவ்வே தன் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்தது. கட்டை அவிழ்த்து 20 வாரம் ஓடியாட விட்டும் அது முழுவதும் திரும்பவில்லை.

கடைசியில் பூட்டைத் திறந்தவர்கள் சொன்ன பேச்சைக் கேட்காத நோயாளிகள். இண்டியானாபோலிஸ் நகரத்தில் டொனால்ட் ஷெல்போர்ன் என்ற நிபுணரும் பால் நிட்ஸ் என்பவரும் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். ஊன்றுகோலை விடாதே, காலை முழுவதும் நீட்டாதே, இத்தனை வாரம் பாரம் வைக்காதே என்று சொல்லி அனுப்புகிறார்கள். சொன்னபடி ஒழுங்காக இருந்தவர்கள் விறைத்த முழங்காலோடு திரும்பி வருகிறார்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஊன்றுகோலை மூலையில் சார்த்திவிட்டு நடமாடியவர்கள், நன்றாக நீண்டு மடங்கும் முழங்காலோடு வருகிறார்கள்; ஜவ்வும் அறுந்துபோகவில்லை. வேறு யாராவது இருந்தால் அந்த அடங்காதவர்களைக் கண்டித்து அனுப்பியிருப்பார்கள். ஷெல்போர்ன் அவர்கள் செய்ததையே எல்லாருக்கும் விதியாக ஆக்கினார். அறுவை முடிந்ததும் காலை முழுவதும் நீட்டு, முடிந்த அளவு பாரம் வை, நட. 1990-இல் இது அச்சில் வந்தது. உலகம் திரும்பிவிட்டது. என்னைக் கேட்டால், இந்தச் சரித்திரத்தில் ராப்ஸனின் தையலைவிட ஷெல்போர்னின் அடக்கம் பெரிய காரியம் என்பேன். நோயாளி தன் பேச்சை மீறி நன்றாக இருக்கிறான் என்று ஒப்புக்கொண்டு பத்திரிகையில் எழுதுவதற்கு மனசு வேண்டும்.

எனக்கு இந்த விஷயத்தில் ஏன் இத்தனை அக்கறை என்று நேயர்கள் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மஞ்சள் கம்பளிப் பந்தை வைத்துப் பூப்பந்து ஆடுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். 43-ஆவது வயதில் எனக்கும் அந்த 'டப்' சத்தம் கேட்டது. அறுவைக்குப் பிறகு என் காலைத் தேற்றியது பிஸியோதெரபி படித்த ஒரு பெண். என் மகள் வயது இருக்கும். "சார், ஒன்பதுல நிறுத்திட்டீங்க, இன்னும் ஒண்ணு இருக்கு" என்று கணக்கில் கண்டிப்பாக இருப்பாள். "ஏம்மா, ஒண்ணுதானே?" என்றால், "அந்த ஒண்ணுக்காகத்தான் சார் முதல் ஒன்பதும்" என்பாள். டெலார்ம் எழுதியதையெல்லாம் அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டதாக எனக்குப் பட்டது.

எங்களைப் போன்றவர்கள் நிலைமை விசேஷமானது. பணத்துக்கு ஆடுகிறவனுக்குக் கழகம் உண்டு, டாக்டர் உண்டு, தினமும் பயிற்சிக்கு நேரம் உண்டு. அதுவே அவன் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரனுக்கு ஆபீசும் பஸ்ஸும் மாடிப்படியும் உண்டு. அவன் மறுபடி ஆடாவிட்டால் உலகத்தில் யாருக்கும் நஷ்டம் இல்லை. "இந்த வயதில் இனிமேல் எதற்கு?" என்று வீட்டில் கேட்பார்கள்; கேள்வியில் தப்பும் இல்லை. 2014-இல் கிளேர் ஆர்டெர்ன் என்பவரும் அவருடைய சகாக்களும் 69 ஆராய்ச்சிகளைக் கூட்டிப் பார்த்துக் கணக்கெடுத்தார்கள். அறுவை செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 81 பேர் ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்பினார்கள்; பழைய தரத்துக்குத் திரும்பியவர்கள் 65 பேர்; போட்டி ஆட்டத்துக்கு 55 பேர்தான். மிச்சம் பேருக்கு முழங்கால் தேறவில்லை என்று அர்த்தமில்லை. பலருக்கு முழங்கால் தேறியிருந்தது, பயம் தேறவில்லை.

நம் தேசத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. மேல்நாட்டில் முழங்கால் தேறிவிட்டதா என்று பார்க்க ஒற்றைக் காலில் தாண்டச் சொல்கிறார்கள். நமக்குத் தாண்டினால் மட்டும் போதுமா? சம்மணம் போட்டுப் பந்தியில் உட்கார வேண்டும். குந்தி உட்கார வேண்டும். நமஸ்காரம் பண்ணவோ தொழுகைக்கோ மண்டியிட வேண்டும். சில்லுக்குக் கீழே உள்ள நாணை எடுத்தால் மண்டியிடும்போது வலிக்கிறது என்பது தெரிந்த விஷயம். ஆகையால் எந்த நாணை எடுப்பது என்பது, ஆட்டக்காரன் தரையில் உட்காரும் ஜாதியா, நாற்காலியில் உட்காரும் ஜாதியா என்பதையும் பொறுத்தது. டாக்டரிடம் இதைக் கேட்காமல் கையெழுத்துப் போடக்கூடாது.

ஷெல்போர்ன் காலத்தில் நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஆட்டத்துக்குத் திரும்பலாம் என்றிருந்தது. அந்த அவசரமும் நிலைக்கவில்லை. 2016-இல் நார்வேயும் அமெரிக்காவும் சேர்ந்து செய்த ஓர் ஆராய்ச்சியில், ஒன்பது மாதம் வரையில் ஒவ்வொரு மாதம் பொறுத்திருந்ததற்கும் மறுபடி அடிபடுவது பாதியாகக் குறைந்தது என்று கண்டார்கள். நடப்பதற்கு அவசரப்படு, ஆடுவதற்குப் பொறு என்று இரண்டு கட்சிக்கும் சமாதானமாகப் போயிற்று. ஒன்பது மாதம் என்றதும் என் வீட்டில் சிரித்தார்கள். அந்தக் கணக்கு அவர்களுக்கு வேறு காரியத்தில் பழக்கமானது.

அறுவையே வேண்டுமா என்ற கேள்வி கடைசியாகத்தான் வந்தது. 2010-இல் ஸ்வீடன் தேசத்தில் ரிச்சர்ட் ஃப்ரோபெல் குழுவினர் 121 பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லாரும் விளையாடுகிற வாலிபர்கள். ஆனால் தொழிலுக்காக ஆடுகிறவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே அது எங்களுக்காகவே செய்த ஆராய்ச்சி என்று உரிமை கொண்டாடலாம். சீட்டுப் போட்டு ஒரு பாதிக்கு உடனே அறுவையும் பயிற்சியும், மறுபாதிக்குப் பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் பிறகு அறுவை என்று பிரித்தார்கள். இரண்டு வருஷம் கழித்து இரண்டு கட்சிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பின்கட்சியில் இருந்த 59 பேரில் 23 பேர்தான் அதற்குள் அறுவைக்கு வந்தார்கள். ஐந்து வருஷம் கழித்தும் முடிவு மாறவில்லை. இதனால் அறுவை வீண் என்று ஆகாது. முழங்கால் அடிக்கடி நழுவுகிறவர்களுக்கு வேறு வழி ஏது? ஆனால் அறுந்தால் அன்றே கத்தி என்ற நிர்ப்பந்தம் போய்விட்டது.

அறுந்த முன்ஜவ்வு தானாக ஒட்டாது என்பது நூறு வருஷத்து வேதவாக்கு. இப்போது அதன் மேலும் சந்தேகம் விழுந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தில் டாம் கிராஸ், மெர்வ் கிராஸ் என்ற டாக்டர்கள் ஒரு முறையைக் கையாள, 2023-இல் அதன் முடிவுகள் வெளிவந்தன. ஜவ்வு அறுந்த சில வாரங்களுக்குள், முழங்காலை நேர்கோணமாக மடக்கிச் சட்டம் போட்டு நான்கு வாரம் பூட்டிவிடுகிறார்கள். அறுந்த முனைகள் அந்த மடிப்பில் நெருங்கி வருகின்றன என்பது யுக்தி. ரத்தம் கட்டிவிடாமல் இருக்க மருந்தும் கொடுக்கிறார்கள். 80 பேரில் நூற்றுக்கு 90 பேருக்கு, மூன்று மாதத்தில் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் ஜவ்வு தொடர்ந்து ஓடுவது தெரிந்தது. நூற்றுக்கு 14 பேருக்கு அது மறுபடி அறுந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டம் இல்லாமல் செய்த ஆராய்ச்சி அது. ஆகையால் டாக்டர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கட்டாயமான, இடைவிடாத ஓய்வு! ஹ்யூ ஓவன் தாமஸ் இருந்தால் மீசையைத் தடவிக்கொண்டிருப்பார். ஆனால் ஐந்தாவது வாரம் முதல் சட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறார்கள். பன்னிரண்டாவது வாரம் கழற்றிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்கும் தொடைக்குப் பாரம், ஒற்றைக் கால் தாண்டல், களத்துக்குத் திரும்ப ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மாதம்.